மஹ்ரூபுக்குக் கேட்காத சத்தம்

கற்பிட்டியில் மஹ்ரூபின் கராஜ் அவருடைய வீட்டு முற்றம்தான். கார் வேலைக்கு வருமுன் பல வருஷம் உச்சமுனை மீன்பிடிப் படகுகளின் இன்ஜின்களோடு கிடந்தவர். அந்த இரைச்சல் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கனத்த சத்தம் கேட்கும், மெல்லியது கேட்காது. இதை அவர் மனைவி ஹாஜராவிடம்கூடச் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் உடப்பு ஊர்க்காரன் தனஞ்சயன், தன் பழைய டீசல் காரை முதல்நாள் பின்னேரமே விட்டுப் போயிருந்தான். இன்ஜின் ஆறிக் கிடந்தால்தான் அந்தச் சத்தம் வருமாம். காலையில் வந்து சாவியைத் திருப்பினான்.

"கேட்டீங்களா மஹ்ரூப் நானா? கொஞ்ச நேரம் கிலுகிலு எண்டுட்டு சத்தம் நிண்டிடும். டைமிங் செயின் தேஞ்சிட்டோ?"

பொனட்டுக்குள் குனிந்திருந்த மஹ்ரூப் நிமிர்ந்தார்.

"ஒண்டுமில்ல தம்பி. டீசல் எண்டா அப்பிடித்தான்."

குசினி ஜன்னலிலிருந்து, சமைத்துக்கொண்டிருந்த ஹாஜராவின் குரல் வந்தது. "இருக்கு. எனக்கு இஞ்ச வரைக்கும் கேக்குது."

மஹ்ரூபுக்கு முகம் சுட்டது. அவளை அதட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் செயின் தளர்ந்து சக்கரத்தின் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு இன்ஜின் முடிந்துவிடும். அதுவும் நடுரோட்டில், ஆட்களோடு. நீட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தார்.

"ஹாஜரா, இஞ்ச வா. நுனிய இன்ஜின்ல வெச்சு, பிடியக் காதுல வெச்சுக் கேளு."

இன்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"முன்பக்கம், மேலுக்கு. சங்கிலி இரும்புல உரசுற மாதிரி."

மஹ்ரூப் மேல்மூடியைக் கழற்றினார். கீழே உள்ள புல்லிச் சக்கரத்தின் கோடு சரியாகப் பூச்சியத்தில் நிற்கும்வரை இன்ஜினைக் கையால் சுற்றினார். அப்போது மேலே, வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் கோடும் தன் அடையாளத்துக்கு நேரே நிற்க வேண்டும். அது நன்றாகப் பின்தங்கி நின்றது.

"செயின் நீண்டிட்டு தம்பி. மாத்தத்தான் வேணும்."

"அப்ப ஏன் நானா ஒண்டுமில்ல எண்டீங்க?"

மஹ்ரூப் துணியில் கையைத் துடைத்தபடி நின்றார். "எனக்குக் கேக்கல்ல. கொஞ்சக் காலமாவே இப்பிடித்தான்."

"எனக்குத் தெரியும்," என்றாள் ஹாஜரா. "நீங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தன்."

புதுச் செயின் கொழும்பிலிருந்து வந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றினார். கார் சத்தமில்லாமல் உடப்புக்குப் போனது.

அந்த மாதமே ஹாஜரா அவரைப் புத்தளத்துக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். போன கேட்கும் சக்தி திரும்பாது, காதில் கருவி வைத்தால் உதவும் என்றார் டாக்டர். யோசிக்கிறேன் என்று மஹ்ரூப் சொல்லியிருக்கிறார்.