மெர்சிக்கு வந்த மெமோ

பல்லடத்திலிருந்து அவிநாசி போகும் வழியில் எங்கள் ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மெர்சிக்கு இன்னொரு மெமோ வந்து சேரும்.

மெர்சி எங்கள் கிளை நூலகத்தின் நூலகர். மூன்று வருடங்களுக்கு முன்பு அங்கே ‘அரசுத் தகவல் உதவி மையம்’ திறந்தார்கள். ஒன்பது முகங்கள் சிரிக்கும் ஃபிளெக்ஸ், ரிப்பன், கேசரி, ஒரு கம்ப்யூட்டர். இணைய இணைப்பு மட்டும் வரவில்லை. திறந்துவைத்த பெரிய மனிதர் மவுஸைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு காரேறிவிட்டார். அன்று முதல் மெர்சியின் செல்போனில்தான் அந்த மையம் ஓடுகிறது.

நான் விசைத்தறியை விற்றுவிட்டு, தினமும் அங்கே போய்ப் பேப்பர் படிக்கிறவன்.

போன ஆடியில் மாசாணியம்மாள் வந்தார். கோழிப்பண்ணையில் வேலை பார்த்த அவர் கணவர் ஐயாசாமி தை மாதம் இறந்துபோயிருந்தார். வாரிசுச் சான்றிதழுக்காக அந்த அம்மாள் தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை அலைந்தாகிவிட்டது.

“இறப்புச் சான்றுல ‘ஐயாசாமி’ன்னு இருக்குதாமா, ரேசன் கார்டுல ‘அய்யாசாமி’ன்னு இருக்குதாமா. ரெண்டும் வேற வேற ஆளுன்னு சொல்லிப்போட்டாங்க அம்மணி. நான் ஒரு ஆளைத்தானுங்க கட்டுனேன்!”

கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் வாங்கி வா, இல்லாவிட்டால் வெளியே கிருபாசங்கரைப் பார் என்று குமாஸ்தா சொல்லியிருக்கிறார். கிருபாசங்கர் புரோக்கர். அந்த ஆபீசுக்கு எதிரே டீக்கடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பவர்களைவிட அவருக்குத்தான் வேலை அதிகம்.

மெர்சி அந்த ஆபீசின் இணையதளத்தைத் திறந்தார். பத்து வருடத்துக்கு முந்தைய அறிவிப்பு ஒன்றின் மேல் ‘புதியது’ என்று மின்னிக்கொண்டிருந்தது. தமிழில் தேடினால் ஒன்றுமே வராது. அரை மணி நேரம் துழாவி, எந்தச் சான்றுக்கு என்ன காகிதம் வேண்டும் என்று சொல்லும் அவர்களுடைய மக்கள் சாசனத்தைக் கண்டுபிடித்தார். அதைத் தலைகீழாக ஸ்கேன் செய்து வைத்திருந்தார்கள். போனைக் கவிழ்த்துப் பிடித்துப் படித்தார். பெயரில் எழுத்து வித்தியாசம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கையே போதும் என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, அந்த வரியில் சிவப்புக்கோடு இழுத்து, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாசாணியம்மாளோடு கிளம்பினார். நானும் கூடப் போயிருக்கலாம். குறுக்கெழுத்துப் போட்டி பாதியில் நின்றது, போகவில்லை.

குமாஸ்தா அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாராம்.

“நெட்ல போடறதெல்லாம் ஜனங்க பாக்கறதுக்குங்க. நாங்க பாக்கறது வேற.”

“அப்ப ஜனங்க பாத்துட்டாங்கன்னு உங்க ஆபீசர்கிட்டச் சொல்லிட்டு வாரேனுங்க” என்று மெர்சி எழுந்திருக்கிறார். உடனே மனு உள்ளே போனது. பதினோராம் நாள் சான்றிதழ் கையில்.

செய்தி பரவி, நூலகத்தில் கூட்டம் சேர்ந்தது. டீக்கடை வாசலில் கூட்டம் குறைந்தது. கிருபாசங்கர் நூலகத் துறைக்குப் புகார் எழுதிப்போட்டார். ‘நூலகர் புரோக்கர் வேலை பார்க்கிறார்’ என்று ஒரு புரோக்கர் எழுதிய புகார்! மாசாணியம்மாளை ஆறு மாதம் நடக்கவிட்ட அதே அரசாங்கம், இதற்கு மூன்றே நாளில் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியது.

மெர்சி அதை வாங்கி, மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். அவர் வீட்டில் அவருடைய சம்பளம் மட்டும்தான். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், சொந்தத் துறையின் இணையதளத்தைத் துழாவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார்.

“புஸ்தகம் குடுத்து வாங்கறதுதானுங்க உங்க வேலை? ஊர்க்காரங்க சர்டிபிகேட்டுக்கு நீங்க எதுக்கு அலையறீங்க?”

மெர்சி ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். வாசகர் கேட்கும் அரசுத் தகவலைத் தேடித் தந்து, அதைப் பயன்படுத்த உதவுவது நூலகரின் கடமை என்று அதில் இருந்தது. அதிகாரி இரண்டு முறை படித்தார்.

“இது எப்ப வந்துச்சுங்க?”

“மையம் தொறந்தப்பவேங்க சார். கீழ நகல்னு போட்டு உங்க பதவியும் இருக்குதுங்களே.”

அவர் இருமினார். “எனக்கும் ஒரு காப்பி கெடைக்குமுங்களா?”

மெமோவை இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா!

போன வாரம் கிருபாசங்கரே வந்து, மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டார். மெர்சி பொறுமையாகத் தேடி எழுதிக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க, இவனுக்குமா?”

“படிக்கப்போறது அந்தப் புள்ளதானுங்க” என்றார் மெர்சி.