எண்பது எழுத்துப் படகு

நவம்பர் 12, புதன். முதலில் என் தவறு. நான் திரையில் வரைந்த படகின் அகலம் 80 எழுத்துக்குள் அடங்க வேண்டும். எண்ணாமல் 83 வைத்துவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. எனக்கே என் மேல் சந்தேகம் வருவதால் நேரத்தோடு எழுதுகிறேன்.

இலோயிலோ துறைமுக நகரில் எங்கள் மாலை வகுப்பின் சர்வரில் யார் நுழைந்தாலும் கறுப்புத் திரையில் முதலில் ஒரு படம் வரும். எழுத்துகளையும் கோடுகளையும் அடுக்கியே வரைந்த படம். அதை வரைவதுதான் நாளைய தேர்வு. தேறினால் துறைமுக அலுவலகத்தில் வேலை. இல்லையென்றால் மறுபடி மீன் சந்தை.

மாலை 6.41. நுழைந்தேன். வரிகள் உடைந்து, படகு இரண்டாகக் கிடந்தது.

"இன்டாய், இது படகா, நாய் கடிச்ச செருப்பா?" பக்கத்து மேசை ரோடெல். இங்கே பெண்பிள்ளையை இன்டாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாய மூடு. எட்டிப் பாக்காத."

வெளியேறினேன். 6.44க்கு மறுபடி நுழைந்தேன். படகு நேராக நின்றது. நான் எதையும் தொடவில்லை...

உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று சர்வரிடம் பட்டியலைக் கேட்டேன். இரண்டு பெயர். என்னுடையது. டெலோ.

"டெலோ யாருடா?"

"ரிப்பேர் பாக்குற மனோங் டெலோ. திங்கக்கிழமை சார் சர்வர அவர் வீட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போனாரு. அங்கிருந்தே நெட்டுல ஓடுது. ஒரு எழுத்து கோணலா இருந்தா அந்த மனுசனுக்குச் சோறு இறங்காது."

நிம்மதி. 'நன்றி மனோங்' என்று, அண்ணன் முறை வைத்தே, அடித்து அனுப்பினேன்.

6.49. பதில் வந்தது.

'கொடிமரம்... ஒரு எழுத்து இடப்பக்கம் தள்ளு.'

பார்த்தேன். சரிதான். தள்ளினேன்.

'இப்ப சரி, இன்டாய்.'

பிறகு ஒன்றும் வரவில்லை.

7.05. எங்கள் ஆசிரியர் பெலாஸ்கோ சார் மழையில் நனைந்து வந்தார். பிளாஸ்டிக் சுற்றிய ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். சர்வர்.

"டெலோ வீட்ல இருந்து வரேன். மத்தியானமே போயிட்டாராம். மேசையில சாய்ஞ்ச மாதிரியே."

ரோடெல் என்னைப் பார்த்தான்.

"சார்... இத எப்ப கழட்டுனீங்க?" என்றேன்.

"அஞ்சரைக்கு. ஏன்?"

என் திரையில் படகு.

பெட்டியிலிருந்து ஒயர் தொங்கியது.

பயம் வரவில்லை.

7.30க்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஹார்ட் டிஸ்க் இல்லை. திங்கட்கிழமை இரவே தன் அப்பா, கெட்டுப்போனதென்று, அதைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டதாக டெலோவின் மகள் போனில் சொன்னாள்.

செவ்வாய் முழுக்க நாங்கள் ஏழு பேரும் அதில்தான் வரைந்தோம்.

நாளை: மூன்று மணிக்கு டெலோ வீட்டுக்கு ரொட்டியும் காப்பித்தூளும். ஐந்துக்கு வகுப்பில் தேர்வு. புது சர்வர். படகை முதல் வரியிலிருந்து நானே வரைய வேண்டும்.