மூன்று தசம் எட்டு

முதன்முதல் அந்தக் கருகல் சுவை வந்தபோது நான் கடைக்காரியைத்தான் திட்டினேன். மாம்பழ வாசம் வரவேண்டிய இடத்தில் எரிந்த பழந்துணியின் புகை தொண்டைக்குள் இறங்கியது. இருமி இருமிக் கண்ணீர் வந்துவிட்டது. ஐம்பத்துமூன்று வயதில் அண்ணையின் கராஜுக்குள், பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று இருமுகிறவனுக்கு யார்மேல் கோபப்பட உரிமை இருக்கிறது என்று அந்த நேரம் யோசிக்கவில்லை.

ஒளிந்து நின்றதற்குக் காரணம் இருக்கிறது. அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஐயா வேளைக்கே செத்துப்போனதால் என்னை வளர்த்து, படிப்பித்து, பிறகு கனடாவுக்கு எடுப்பித்ததும் அவர்தான். பத்தொன்பது வயதில் நான் சிகரெட்டும் கையுமாக அவரிடம் பிடிபட்டேன். ஒரே ஒரு அறை. அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை, நானும் அவர் முன்னால் புகைத்ததில்லை. மூத்தவர்கள் முன்னால் புகைப்பதில்லை என்பது எங்கள் ஆட்களுக்குள் எழுதாத சட்டம். வயது போனால் கழிந்துபோகும் என்று யாரும் சொல்லவில்லை. வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். எலிவேற்றர் பழுதான நாட்களில்கூட ஒரு சிகரெட்டுக்காகப் பதினேழு மாடி இறங்கி, பதினேழு மாடி ஏறியிருக்கிறேன். மேலே வந்து மூச்சு வாங்கும்போது, பால் வாங்கப் போனதாகச் சொல்வேன். பால் எங்கே என்று அவர் கேட்டதில்லை.

என் கலியாணம் மூன்று வருடத்தில் முறிந்தது. அஜின்கோர்ட்டில் அண்ணை வாங்கியிருந்த வீட்டின் பேஸ்மென்றுக்கு இரண்டு மாதம் என்று சொல்லி வந்தேன். பதினொரு வருடம் ஆகிவிட்டது. அண்ணி இருந்தவரை மேலேயிருந்து பேச்சுச் சத்தம் வரும், சட்டி கழுவும் சத்தம் வரும், என்னைச் சாப்பிடக் கூப்பிடும் சத்தம் வரும். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணி செத்துப்போனார். அதற்குப் பிறகு மேலே ஒருவர், கீழே ஒருவன். குப்பைத்தொட்டி வெளியே வைக்கும் நாள், பனி உருகப் படிக்குப் போடும் உப்பு, ஹீற்றர் பில்டர் இவற்றைத் தவிர எங்களுக்குள் வேறு கதை இல்லை. அவருக்குப் பக்கத்தில் சோபாவில் காலை நீட்டி இருக்க என் உடம்புக்குத் தெரியாது. சாப்பாட்டை அள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் இயந்திரத்தோடு எட்டு மணித்தியாலம், வீட்டில் சுவரோடு மிச்சம். தனிமை என்றால் தனிமைதான், அதற்கு வேறு அழகான பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

டொக்டர் சிகரெட்டை விடச் சொன்னபோது வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறினேன். பேனை மாதிரி ஒன்று. கீழ்ப்பாதி பற்றரி, அதன் அடியில் திருப்புகிற ஒரு வளையம். மேல்பாதியில் திரவம், அதற்குள் பஞ்சு சுற்றிய சின்னக் கம்பிச்சுருள். அதைத்தான் கொயில் என்கிறார்கள். பேஸ்மென்றில் புகைத்தால் மணம் மேலே ஏறும் என்று கராஜ் தட்டில் ஒரு வெற்றுப் பால்மா ரின்னுக்குள் ஒளித்துவைத்தேன். வேலை முடிந்து வந்ததும் கராஜ் கதவை ஒரு முழம் தூக்கிவிட்டு, குளிரில் நின்று பத்து இழுப்பு. ஒரு நாளில் நான் எதிர்பார்த்திருந்தது அந்தப் பத்து இழுப்பைத்தான்.

இரண்டு கிழமை வரவேண்டிய கொயில் எனக்கு மூன்று நாளில் கருகியது. புதிது போட்டேன், அதுவும் கருகியது. நாலாவது தடவை கடைக்குப் போனபோது அந்தச் சீனப் பெண்மணி என் கையிலிருந்து பேனையைப் பிடுங்கிப் பார்த்தார். என் வயதிருக்கும், பொறுமை குறைவு. கொயிலைக் கழற்றிப் பக்கத்தில் பொறித்திருந்த எழுத்தை நகத்தால் தட்டிக் காட்டினார். தடை ஒன்று தசம் இரண்டு ஓம். தாங்குவது பத்திலிருந்து பதின்மூன்று வாற். பிறகு பேனையைத் தலைகீழாகத் திருப்பி வளையத்தைக் காட்டினார். அது நாலு தசம் எட்டு வோல்ற்றில் நின்றது. இவ்வளவு கூட்டி வைத்தால் திரவம் ஊறி வருவதற்குமுன் பஞ்சு எரியாமல் என்ன செய்யும் என்று கேட்டார். நான் வைக்கவில்லை என்றேன். அப்படியென்றால் பேய் வைத்திருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து விளம்பரத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த ஓமின் விதி ஒருநாள் இப்படிக் கைகொடுக்கும் என்று பௌதிகவியல் வாத்தியார் கனவிலும் நினைத்திருக்கமாட்டார். வோல்ற்றை வோல்ற்றால் பெருக்கித் தடையால் வகுத்தேன். நாலு தசம் எட்டில் பத்தொன்பது வாற். அந்தச் சின்னக் கம்பி பாவம். மூன்று தசம் எட்டில் சரியாகப் பன்னிரண்டு. வளையத்தை அங்கே திருப்பி ரின்னுக்குள் வைத்தேன். அடுத்த நாள் வந்து பார்த்தால் திரும்பவும் நாலு தசம் எட்டு.

சட்டைப்பையில் உரசித் திரும்பியிருக்குமென்றால், அது சட்டைப்பைக்கே போகவில்லை. கராஜுக்குள் ஒரு அணில் வந்துபோவது உண்மைதான். ஆனால் அணில் வளையத்தைத் திருப்பி, வாய்ப்பகுதியை ரிஷ்யூவால் துடைத்தும் வைக்காது. அப்போதுதான் கவனித்தேன், வாய்ப்பகுதி எப்போதும் துடைத்தபடி இருந்தது.

அந்தக் கிழமைதான் அண்ணை குசினியில் வைத்து விஷயத்தைச் சொன்னார். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"மகள் விட்பிக்கு வரச்சொல்லி நிக்கிறாள். கீழ் அறை ஒண்டு எனக்கெண்டு ஒழுங்குபடுத்தியிருக்கிறாளாம். சித்திரைக்குள்ளை வீட்டை விக்கலாம் எண்டு பாக்கிறன். நீயும் ஒரு இடம் பார்."

"ஓமண்ணை" என்றேன்.

பதினொரு வருடத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. கீழே போய்க் கட்டிலில் இருந்தேன். இடம் கிடைக்கும், அது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் இந்த மனிசன் போவதற்குமுன் ஒரு தடவையாவது அவர் பக்கத்தில் சும்மா இருந்து கதைக்கவேண்டும் என்று ஒரு ஆசை வந்து நெஞ்சில் குந்திவிட்டது. என்ன கதைப்பது என்று தெரியாது. அண்ணியைப்பற்றி இருக்கலாம், மூட்டு நோவைப்பற்றியும் இருக்கலாம்.

மாசிமாதம் ஒருநாள் தொழிற்சாலையில் மின்சாரம் நின்று எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸால் இறங்கி வீட்டை நோக்கி நடந்தேன். கராஜ் கதவு ஒரு முழம் தூக்கியிருந்தது. அந்த இடைவெளியால் வெள்ளைப் புகை நிலத்தோடு தவழ்ந்து வெளியே வந்தது. புகைக்குப் பின்னால் அண்ணையின் சாம்பல் நிறச் சப்பாத்து. அவருடைய இருமல்.

பனிக்குள் அப்படியே நின்றேன். முதலில் சிரிப்பு வந்தது. என்னை அறைந்த கை. அடுத்த கணமே வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிசனும் நான் நிற்கிற அதே மூலையில், அதே வாளிகளுக்குப் பின்னால், நான் வேலைக்குப் போகும்வரை காத்திருந்து தனியாக நின்றிருக்கிறார். அண்ணி போன நாளிலிருந்தா, அதற்கும் முதலிலிருந்தா தெரியாது. கண்ணாடி போடாமல் வளையத்தை முட்டும்வரை திருப்பி, கருகலை இழுத்து இருமிக்கொண்டு நிற்கிறார். உள்ளே போயிருக்கலாம், குனிந்தால் போதும். போகவில்லை. வளர்த்த அண்ணையின் கையில் அதைக் கண்டுவிட்டு அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? பின்னுக்கு நடந்து, சந்தியில் இருக்கிற கோப்பிக்கடையில் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தேன்.

அடுத்த நாள் பெயின்ற் அடிக்கும்போது ஒட்டும் வெள்ளை ரேப்பில் ஒரு துண்டு கிழித்து, தடித்த பேனையால் கண்ணாடி இல்லாமலே தெரிகிற அளவுக்கு எழுதினேன்: 1.2 — 3.8. ரின்னின் மூடியில் ஒட்டிவிட்டேன். வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை.

அன்றிலிருந்து வளையம் மூன்று தசம் எட்டைவிட்டு அசையவில்லை. ஒரு கிழமை கழித்து ரின்னுக்குப் பக்கத்தில் புதிய கொயில் பெட்டி ஒன்று இருந்தது, ஐந்து கொயில், எல்லாம் ஒன்று தசம் இரண்டு. அதற்குப் பிறகு ஒரு போத்தல் திரவம் வந்தது, புதினா. எனக்குப் புதினா பிடிக்காது, இருந்தும் இழுத்தேன். கடைக்குப் போனபோது அந்தப் பெண்மணி, உன்னுடைய மூக்கோடு ஒரு வயதானவர் வந்து உனக்குக் கொடுக்கிற அதே கொயிலைத் தரச்சொல்லிக் கேட்டார் என்றார். பேய் அவர்தான் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

எங்கள் பங்குனி அப்படிப் போனது. பேனையில் திரவம் குறைந்திருந்தால் நான் நிரப்புவேன், பற்றரி இறங்கியிருந்தால் அவர் சார்ஜில் செருகிவைப்பார். மேலே குசினியில் சந்தித்தால் உப்பு முடிந்துவிட்டது என்பார், வாங்குகிறேன் என்பேன். ஒரே பேனையில் இரண்டு பேர் வாய் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் கண்டும் காணாததுபோல நடந்தோம். முற்றத்தில் விற்பனைப் பலகை நட்டார்கள். நாலாம் நாள் அதன்மேல் விற்றாயிற்று என்று இன்னொரு சின்னப் பலகை ஏறியது.

வீடு கைமாற ஒரு கிழமை இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு லீவு போட்டேன், அவருக்குச் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல வெளிக்கிட்டு, பிளாசாவில் சுற்றித் திரிந்துவிட்டு மத்தியானம் திரும்பினேன். கதவு ஒரு முழம் தூக்கியிருந்தது. வழியெல்லாம் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன்: அண்ணை, நானும் நிக்கிறன், எனக்கும் தாங்கோ. கதவைத் தலைக்குமேல் உயர்த்திவிட்டு உள்ளே போனேன்.

அண்ணை பேயறைந்தவர்போலத் திரும்பினார். அவருடைய வலதுகை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போனது. அறுபத்திரண்டு வயது மனிசன், தலை நரைத்த மனிசன், என்னைக் கண்டு கையை ஒளித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். வாயிலிருந்து ஒரு நூல் புகை கசிந்தது. அதை விழுங்கப் பார்த்தார்.

"என்ன, வேளைக்கு வந்திட்டாய்?"

என் கண் சுவர்ப்பக்கம் ஓடியது.

"சவல் எடுக்க வந்தனான் அண்ணை."

"ஓ. எடு, எடு."

சுவரில் சாத்தியிருந்த பனி அள்ளும் சவலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவைப் பழையபடி ஒரு முழத்துக்கு இறக்கிவிட்டேன். வெளியே வெயில். ஒரு பொட்டுப் பனி இல்லை. முன்வீட்டுக்காரர் பூஞ்சட்டி அடுக்கிக்கொண்டு நின்றார். வேறு வழி தெரியாமல் வெறும் டிரைவ்வேயைக் கர்ர் கர்ர் என்று வழித்தேன். முன்வீட்டுக்காரர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். உள்ளேயிருந்து இருமல்கூட வரவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே வழித்தேன்.

மருமகன் வான் கொண்டுவந்து அண்ணையை ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது அண்ணை என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "ஒழுங்காச் சாப்பிடு" என்றார். ரின்னை எனக்கே விட்டுவிட்டிருந்தார். திறந்து பார்த்தேன். புதிய கொயில், நிறைந்த திரவம், புதினா இல்லை, மாம்பழம். நான் இப்போது அதே தெருவில் இன்னொரு வீட்டின் பேஸ்மென்றில் இருக்கிறேன். பின்முற்றத்தில் நின்று இழுக்கலாம், ஒளிக்க ஒருவரும் இல்லை. கொயில் மூன்று கிழமை வருகிறது. ஒரு நாளாவது வளையம் திரும்பியிருக்கிறதா என்று இன்னமும் அடியைப் பார்க்கிறேன்.

வைகாசி முடிவில் ஒரு ஞாயிறு மத்தியானம் பின்முற்றத்தில் பேனையோடு நின்றபோது அண்ணை போன் எடுத்தார். மழையைப்பற்றிச் சொன்னார். விட்பியில் பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாது என்றார். மகளும் மருமகனும் விடிய ரெயினுக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எடேய்" என்றார். "அது எரியுது."

"எது அண்ணை?"

"நீ எழுதினபடி மூண்டு தசம் எட்டிலைதான் வைச்சனான். எண்டாலும் எரியுது. எனக்கெண்டு ஒண்டு வாங்கினனான், இங்கத்தைக் கடையிலை கொயில் வேறை தந்தவங்கள்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கொயிலிலை என்ன போட்டிருக்கு?"

"பொறு, கண்ணாடியை எடுக்கிறன்." மேசை லாச்சி இழுபடும் சத்தம் கேட்டது. "பூச்சியம் தசம் எட்டு. வாற் பன்ரண்டிலையிருந்து பதினாறு."

"தடை குறைவண்ணை. மூண்டு தசம் எட்டு அதுக்குக் கூடிப்போச்சு. வளையத்தை ஆகக் குறைச்சு, மூண்டு தசம் மூண்டிலை விடுங்கோ. பஞ்சு கருகியிருக்கும், புதுசு போடுங்கோ. போட்டு ரெண்டு சொட்டு விட்டு, பத்து நிமிசம் ஊற விடுங்கோ."

"சரி. பத்து நிமிசம். போனை வையாதை."

போனை வைக்காமல் நின்றோம். பத்து நிமிடமும் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவருடைய மூச்சு கேட்டது, எங்கோ ஒரு கடிகாரம் கேட்டது. பிறகு அவர் இழுக்கும் சத்தம், மெதுவாக விடும் சத்தம்.

"இப்ப எரியேல்லை" என்றார். "நீயும் வைச்சிருக்கிறியே கையிலை?"

"இல்லையண்ணை" என்றேன்.

விட்பியிலிருந்து பார்த்தால் அஜின்கோர்ட் தெரியாது. அது எனக்கும் தெரியும். என்றாலும் என் வலதுகை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. அண்ணை அங்கே ஆறுதலாக இன்னொரு தடவை இழுத்தார். அவர் முடிக்கும்வரை நான் அந்தக் கையை முன்னுக்கு எடுக்கவில்லை.