முள் செய்யும் மாப்பிள்ளை

என் தம்பி சுகுமாறன் சுபாங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறான். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள். பிரிக்பீல்ட்சில் ஜாக்கெட் தைக்கிறேன். ஆனாலும் அவன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் தப்பில்லாமல் சொல்ல வேண்டும் என்று, அவனிடமே திரும்பத் திரும்பக் கேட்டு வைத்திருக்கிறேன்.

கொரோனா கிருமியின் மேலே முள் முள்ளாக நிற்குமே, ஸ்பைக் புரதம், அதை மட்டும் தனியாக உண்டாக்கி எடுப்பான். நம் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று சோதிக்க அது வேண்டும். அதைச் சுரக்கும் செல்களுக்கு வேளை தவறாமல் தீனி வைப்பான். தான் சாப்பிட்டானா என்பதைத்தான் எனக்குப் போன் போட்டுக் கேட்பான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனது. தரகர் தம்புசாமி போகிற வீட்டிலெல்லாம், "மாப்பிள்ளை கொரோனா செய்யுறாரு" என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு யார் போனை எடுப்பார்கள்?

தரகர் சொன்ன பெண்களில், மேரு என்ற ஊரில் இருக்கும் புனிதா மட்டும், "நேர்லயே கேட்டுடலாம்" என்றாளாம். அவள் ஒரு தொழிற்சாலையில் கணக்கர். அவள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து சுகுமாறன் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான். இந்த இடமும் நழுவினால் இனிமேல் பெண்ணே வேண்டாம் என்றுவிட்டான்.

நானும் அவனும் பெண் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனோம். கடைகளில்கூட முகக்கவசத்தைக் கழற்றிவிட்ட காலம் அது. பெண்ணின் அப்பா ஜெயராஜ், லோரி ஓட்டுபவர், எங்களுக்காக ஒன்று மாட்டியிருந்தார். அவளுடைய தாய்மாமன் விஜயன் இரண்டு மாட்டியிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி," என்றார் ஜெயராஜ். "நீங்க வேலை முடிஞ்சு வரப்போ அதுவும் கூட வந்துடாதா?"

"வராது அங்கிள். நான் செய்யுறது கிருமி இல்ல, அதோட முள்ளு மட்டும்தான். அது தனியா பெருகாது, யாருக்கும் தொத்தாது."

"முள்ளு மட்டும்னா? டுரியான் மாதிரியா?" என்றார் விஜயன்.

"பழமே இல்லாத டுரியான் முள்ளு, அங்கிள்."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் தம்பிக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் எழுந்து வாங்களேன். ஒரு முள்ளுங்கிறது, ஒரே மாதிரி மூணு சங்கிலி பின்னிக்கிட்டு நிக்கிறது."

மூவரும் கூடத்தின் நடுவே முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். சுகுமாறன் சோபா விரிப்பை உருவி மூவருக்கும் சேர்த்துப் போர்த்தினான். "முள்ளு மேல இப்படி சர்க்கரை மூடியிருக்கும். உடம்பு சுலபமா கண்டுபிடிக்காது."

"எனக்கு உள்ளயும் சர்க்கரை இருக்குது. சீக்கிரம் சொல்லுங்க," என்றார் விஜயன்.

"மேல் பாதி செல்லுல ஒட்டுறதுக்கு. கைங்க மடங்கியே இருக்கும். ஒரு கை இப்படி மேல வந்தாத்தான், செல்லோட கதவுப்பிடி சிக்கும்." விரிப்புக்கு வெளியே ஒரு கையை உயர்த்தினான். "பிடிச்சதும் மேல் பாதி கழண்டுடும். கீழ்ப் பாதி ஸ்பிரிங் மாதிரி நீண்டு செல்லைக் குத்தி இழுக்கும். அப்பத்தான் கிருமி உள்ள போகும்."

"என் முட்டியெல்லாம் நீளாது லா, பாஸ்," என்றார் ஜெயராஜ் கலவரத்தோடு.

"பயப்படாதீங்க அங்கிள். நாங்க செய்யுற முள்ளுல ரெண்டு இடத்துல மாத்தி, நீளாம விறைப்பா நிக்க வெச்சிடுவோம்."

அப்போது புனிதாவின் அம்மா ரமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க இது? யாருக்குப் பொன்னாடை?"

பின்னாலேயே தேநீர்த் தட்டோடு புனிதா வந்தாள். மூவரையும் நிதானமாகப் பார்த்தாள். "அப்ப உடம்பு இதை எப்படித் தடுக்கும்?"

அதுவரை அருவியாகக் கொட்டிய என் தம்பி திக்கித் திக்கிச் சொன்னான். "ரத்தத்துல... எதிர்ப்புப் புரதம்னு ஒன்னு இருக்கும். அது வந்து, தூக்குன கையைப் பிடிச்சுக்கும். அப்புறம் அதால கதவைத் தொட முடியாது."

புனிதா தட்டை மேசையில் வைத்தாள். நேராக வந்து அவன் உயர்த்திய கையை மணிக்கட்டோடு பிடித்தாள்.

"இப்படியா?"

சுகுமாறன் தலையை மட்டும் ஆட்டினான்.

"கையை விடும்மா," என்றார் ஜெயராஜ் விரிப்புக்குள்ளிருந்து.

"விட்டா கதவைப் பிடிச்சிடும்ப்பா."

ரமணி என் பக்கம் திரும்பினார். "ஆவணியில நாள் பாக்கலாமா, சீதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் விஜயன் முந்திக்கொண்டார். "மொதல்ல எங்களை அவுத்து விடுங்க லா!"