ஈரப்பதக் குழு ஒருமுறைகூட ஒத்திவைக்கப்பட்டதில்லை

அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பசை காய்ச்சும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் ‘கோந்து’. பிறகு அலுவலகக் கண்காணிப்பாளர் ஆனதால் ‘கோந்து சார்’. சில இடங்களில் பதவி உயர்வு அந்த ‘சார்’ என்ற ஒட்டோடு நின்றுவிடும்.

பீரோ சாவி, கிடங்குச் சாவி, மாடிக் கழிப்பறையின் சாவி எல்லாம் அவர் இடுப்பில்தான் தொங்கும். எந்த வேலையை யாரிடம் தள்ளுவது என்று தெரியாதபோது அதுவும் சாவிக்கொத்தோடு வந்து சேர்ந்துவிடும். இந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் எல்லாக் கிளைகளிலும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அமைத்துவிட வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து ஓலை வந்தபோது, புது மேனேஜர் அதை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு, “கோந்து சாரைக் கூப்பிடுங்க” என்றார்.

“சார், எனக்கு மெயில் பார்க்கத் தெரியும், பிரிண்ட் எடுக்கத் தெரியும். அதுக்கு மேல...”

“அதுக்கு மேல எல்லாத்தையும் அது பார்த்துக்கும். அதுக்குத்தானே வாங்கியிருக்கு? நீங்க அதை உட்கார வெச்சா போதும்.”

ஏதோ வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு நாற்காலி போடச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டார் மேனேஜர்.

கோந்து சாருக்குப் பயம் வந்தது. கம்ப்யூட்டருக்காக இல்லை. அந்த உதவியாளர் அலுவலகத்தின் எல்லா மெயிலையும், எல்லா நாட்காட்டியையும் படிக்கும் என்று ஓலையின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நாட்காட்டியில் ஒரு குழு இருந்தது. அந்தக் குழு நாட்காட்டியைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் மதியம் இரண்டரைக்கு டயாலிசிஸ் மையத்தில் இருக்க வேண்டும். முடிய ஆறரை ஆகும். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்கும்போது ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கணவரின் தோள். திரும்பி ஏறும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். சுவரும் தோளும் போதாது, நாலு படிக்கு ஒருதரம் உட்கார வேண்டும். கம்பெனி விதிப்படி மாதத்துக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் அனுமதி கேட்கலாம். வியாதி விதிப்புத்தகம் படித்ததில்லை.

அப்போதிருந்த பழைய மேனேஜர் விதியை மீறாதவர். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு சந்து உண்டு என்று தெரிந்தவர். “லீவுன்னு எழுதினாத்தான் கேள்வி வரும். கமிட்டின்னு எழுதுங்க” என்றார். “பேரு எப்படி இருக்கணும்னா, கேட்டவன் ரெண்டாவது கேள்வி கேட்கக் கூடாது.”

இருவரும் யோசித்து வைத்த பெயர், ‘ஈரப்பத ஒருங்கிணைப்புக் குழு’. செவ்வாய், வெள்ளி; மதியம் இரண்டு முதல் ஐந்தரை வரை; இடம், கிடங்கு மாடி அறை. அதன் சாவி கோந்து சாரிடம். உறுப்பினர்கள் இரண்டே பேர். அவர் ஒருவர், சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்பாட்ச் அக்கா இன்னொருவர். வருகைப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் அக்காவே கையெழுத்துப் போடுவாள், இரண்டு வேறு பேனாக்களில். வேலையில் அவ்வளவு சுத்தம்.

பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனார். குழு ஓய்வு பெறவில்லை. நாலு வருஷத்தில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

மனைவிக்கு இதெல்லாம் தெரியும். கட்டிலில் சாய்ந்து, கையில் ஊசி ஏறியதும், “கோரத்துக்கு ஆள் இருக்கா? கூட்டத்தை ஆரம்பிக்கலாமா?” என்பாள். அவள்தான் குழுத் தலைவி. அவர் செயலர். “நேத்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்ச?” என்று செயலர் கேட்பார். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் அவளுக்குக் கூடாது. “ரெண்டரை. அந்த அரையைக் குறிப்புல ஏத்தாதீங்க” என்பாள் தலைவி. எடை பார்க்கும் நர்ஸ் வந்து அந்த அரை டம்ளரையும் கண்டுபிடித்துவிடுவாள். ஆக, பெயருக்குத் துரோகம் செய்யாமல் ஈரப்பதம் பற்றி ஒழுங்காக விவாதித்த ஒரே குழு அதுவாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கோந்து சார் உதவியாளரை உட்கார வைக்க உட்கார்ந்தார்.

திரை மலர்ந்தது. “வணக்கம்! உங்கள் வேலையை எளிதாக்க ஆவலாக இருக்கிறேன். முதலில் உங்கள் மெயில்களைப் படிக்க அனுமதிக்கிறீர்களா?” அனுமதி என்ற பொத்தான் பளிச்சென்று நீலத்தில் இருந்தது. பிறகு பார்க்கலாம் என்பது வெளிறிய சாம்பல் நிறத்தில் பட்டினி கிடந்தது. சாம்பலை அழுத்தினால் அதே கேள்வி மறுபடி வந்தது. மூன்றாவது தடவை அவர் நீலத்தை அழுத்தினார். பிறகு நாட்காட்டிக்கு ஒரு அனுமதி, வருகைப் பதிவுக்கு ஒன்று, விடுப்பு விண்ணப்பங்களுக்கு ஒன்று. கூட்டத்தில் இருக்கும்போது அவருடைய கைப்பேசிக்கு வரும் செய்திகளுக்குப் பதில் எழுதவும் ஒன்று. பதினேழு முறை அழுத்தியபோது, ஊரில் உள்ள எல்லாக் கதவையும் திறந்துவிட்டு நடுத்தெருவில் நிற்பது போல இருந்தது அவருக்கு.

பதினெட்டாவது கேள்வி வந்தது. “உங்கள் தொடர் கூட்டங்களில் யாரும் இடைஞ்சல் செய்யக் கூடாதவை எவை? அவற்றைப் பாதுகாக்கிறேன்.”

பாதுகாக்கிறேன் என்ற சொல்லை அந்தக் கம்பெனியில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டு போனார். ஈரப்பத ஒருங்கிணைப்புக் குழு வந்தது. பக்கத்தில் மூன்று கட்டங்கள்: சாதாரணம், முக்கியம், அதிமுக்கியம் - நகர்த்த முடியாதது.

மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தார்.

நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. இனி யார் மேனேஜராக வந்தாலும் சரி, செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் பூட்டுப் போட்டாயிற்று. வாழ்நாளெல்லாம் சாவி சுமந்தவருக்குப் பூட்டின் மேல் இருக்கும் நம்பிக்கை வேறு யாருக்கும் வராது. மறுநாள் மையத்தில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். “நம்ம கமிட்டியை இனிமே அசைக்க முடியாது.”

“பார்த்து. அசைக்க முடியாததையெல்லாம் திறப்பு விழா வெச்சுடுவாங்க” என்றாள் தலைவி.

சனிக்கிழமை கொட்டிய மழையில் ஒரு வாடிக்கையாளரின் கிடங்கில் நாலாயிரம் பெட்டிகள் தொய்ந்து உட்கார்ந்துவிட்டன. பெட்டி சாமானைத் தாங்குவதற்குப் பதிலாகச் சாமான் பெட்டியைத் தாங்கிக்கொண்டிருந்த படத்தை அவர்கள் திங்கட்கிழமை காலை மேனேஜருக்கு அனுப்பியிருந்தார்கள். மேனேஜர் புது உதவியாளரிடம் கேட்டார்: ‘நம் கம்பெனியில் ஈரம் பற்றி யார் கவனிக்கிறார்கள்?’

நாலு வருஷமாக உலகத்தில் யாரும் கேட்காத இரண்டாவது கேள்வி அது.

பத்து நிமிஷத்தில் கோந்து சாருக்கு அழைப்பு வந்தது. உள்ளே போனால், மேனேஜர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. மேஜை மேல் பிரிண்ட் எடுத்த தாள் ஒன்று.

“‘ஈரப்பத ஒருங்கிணைப்புக் குழு இதுவரை முந்நூற்றுத் தொண்ணூற்றாறு முறை கூடியுள்ளது’” என்று வாசித்தார். “‘ஒருமுறைகூட ஒத்திவைக்கப்பட்டதில்லை. வருகை நூறு சதவீதம். இக்கிளையின் மிக ஒழுங்கான குழு இதுவே.’ கோந்து சார், என்ன சார் இது?”

கோந்து சார் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். “சார், ஒரு விஷயம் சொல்லணும்...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பாராட்டு வேண்டாம், போட்டோ வேண்டாம்னுதான் சொல்லப் போறீங்க. நாலு வருஷம்! வெளியில ஒரு வார்த்தை மூச்சு விடாம! நான் மூணு கிளை பார்த்திருக்கேன், மீட்டிங்னா வர்றதுக்கு முன்னாடி பிஸ்கட் இருக்கான்னு கேட்பாங்க.” மேனேஜரின் குரல் கொஞ்சம் கம்மியது. “நாளைக்கு மீட்டிங்குக்கு நானே தலைமை. நீங்க செயலர். தலைமையகத்துக்கும் எழுதிட்டேன்.”

“சார், அந்த அறையில மின்விசிறிகூட ஓடாது.”

“அங்கதான் உட்கார்ந்தீங்களா இத்தனை வருஷமும்!” மேனேஜருக்குக் கண் பனித்தது. “என் அறையிலேயே வெச்சுக்கலாம்.”

செய்தி கேட்ட டெஸ்பாட்ச் அக்கா, ஒட்டிக்கொண்டிருந்த முகவரிச் சீட்டை அப்படியே விரலில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தம்பி, உண்மையைச் சொல்லப் போறியா?”

“சொல்லிடலாம்னுதான் அக்கா பார்க்கிறேன். வேற வழி?”

“சொல்லு. உன் பக்கம் நியாயம் இருக்கு, பொண்டாட்டிக்காகப் பண்ணினே. எனக்கு என்ன நியாயம்? முந்நூத்தித் தொண்ணூத்தாறு தடவை ரெண்டு பேனாவுல கையெழுத்துப் போட்டவ நான். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு.” கோபமாகச் சொல்லவில்லை. சீட்டைப் பெட்டியில் ஒட்டினாள், கோணலாக ஒட்டியது. “நீ சொன்னா நான் ஆமான்னுதான் சொல்வேன். பொய் சொல்ல மாட்டேன் போ.”

இதைவிட அவள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கலாம்.

மத்தியானம் இடத்துக்கு வந்து, அந்தக் கம்ப்யூட்டரில் முதல்முறையாக ஒரு முழு உண்மையை டைப் அடித்தார். குழுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் மனைவிக்கு டயாலிசிஸ், நாளை மதியம் இரண்டு மணியிலிருந்து எனக்கு விடுப்பு வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பங்களை இப்போது முதலில் பார்ப்பது உதவியாளர்.

“மிகவும் வருந்துகிறேன். உங்கள் மனைவி விரைவில் நலம்பெற வாழ்த்துகள்! நீங்கள் கேட்ட நேரத்தில் ‘அதிமுக்கியம் - நகர்த்த முடியாதது’ எனக் குறிக்கப்பட்ட கூட்டம் உள்ளதால் இதை மேனேஜருக்கு அனுப்பவில்லை. டயாலிசிஸை ஞாயிறு காலைக்கு மாற்றப் பரிந்துரைக்கிறேன்.”

‘அந்தக் குறியை எடுத்துவிடு’ என்று அடித்தார்.

“நிச்சயமாக! அதற்குக் குழுத் தலைவரின் ஒப்புதல் தேவை.”

குழுத் தலைவி யார் என்று அவருக்குத் தெரியும். அவள் பெயர் அந்தக் கம்பெனியின் எந்தப் பட்டியலிலும் இல்லை. புதுத் தலைவரான மேனேஜரிடம் நேரில் போய்க் கேட்டால், இத்தனை செவ்வாய் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வரும்; அதற்குப் பதில் அக்காவின் இரண்டு பேனாக்களில் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் சொன்னார். மனைவி கையிலிருந்த டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அன்றைய இரண்டாவது டம்ளர் அது.

“இறங்குறது பிரச்சினை இல்லைங்க. நான் என்ன பச்சைக் குழந்தையா? சுவத்தைப் பிடிச்சு இறங்கிடுவேன், வண்டிக்காரர் வாசல்லயே நிப்பார். ஏறுறதுக்கு மட்டும் வந்துடுவீங்கல்ல?”

“அஞ்சரைக்கு முடிஞ்சிடும். ஆறரைக்கு உன் கட்டில் பக்கத்துல நிப்பேன்.”

“அப்ப சரி. புதுத் தலைவர் எப்படி? நல்லாப் பேசுவாரா?”

“நிறையப் பேசுவார்.”

“அப்ப என்னைவிடத் தகுதியான ஆள்தான்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணி. குழுவின் முந்நூற்றுத் தொண்ணூற்றேழாவது கூட்டம், முதல் கூட்டமாக நடந்தது. மேனேஜர் மேஜைக்கு அந்தப் பக்கம்; இந்தப் பக்கம் கோந்து சாரும் அக்காவும். அக்கா ஒரே ஒரு பேனா கொண்டுவந்திருந்தாள். சுவர்த் திரையில் உதவியாளர், அறையில் பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது. கோந்து சார் இருமினால்கூட ‘செயலர் இருமினார்’ என்று ஒரு வரி விழுந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவர் மூச்சைக்கூட அளந்து விட்டார்.

“இத்தனை வருஷ அனுபவத்துல நீங்க கண்டுபிடிச்சது என்ன?” என்றார் மேனேஜர்.

“தண்ணியை அளந்துதான் குடிக்கணும் சார்” என்றார் கோந்து சார், தன்னை மறந்து.

மேனேஜர் அசந்துபோனார். “அட்டையைச் சொல்றீங்க! ஒரே வரியில சொல்லிட்டீங்களே!” திரையில் அது தடித்த எழுத்தில் ஏறியது.

இரண்டே முக்காலுக்குக் கைப்பேசி மேஜையடியில் அதிர்ந்தது. மனைவி. ‘இறங்கிட்டேன். ரெண்டாவது மாடித் திருப்பத்துல மட்டும் உட்கார்ந்தேன். வந்து சேர்ந்தாச்சு, ஊசி போட்டாச்சு.’

அவர் எழுத்துகளைத் தேடுவதற்குள், அவர் பெயரில் பதில் போய்விட்டது. ‘உங்கள் செய்திக்கு நன்றி! அவர் தற்போது ஈரப்பத ஒருங்கிணைப்புக் குழுவின் அதிமுக்கியக் கூட்டத்தில் இருக்கிறார்.’

மனைவியிடமிருந்து உடனே வந்தது. ‘தலைவி இங்க படுத்திருக்கேன். அங்க யாரு கூட்டம் நடத்துறது?’

சிரிப்பும் வேறு ஏதோவும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தன. குறிப்பில் ஏறிவிடும் என்று இரண்டையும் விழுங்கினார்.

ஐந்தே காலுக்கு மேனேஜர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். பொதுவாக மனிதர்கள் கிளம்புவதற்குமுன் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கழற்றி வைப்பவர்கள் வேறு ஜாதி.

“இந்த மழை முடியற வரைக்கும் நம்ம கூட்டத்தை ஏழு மணி வரைக்கும் வெச்சுக்கலாம்னு நினைக்கிறேன். இன்னையிலிருந்தே. செயலர் என்ன சொல்றீங்க?”

கோந்து சார் வாயைத் திறந்தார். பக்கத்தில் அக்கா பேனாவை மூடி, மறுபடி திறந்து, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷம். ஆறரை மணி. நாலு படிக்கு ஒருதரம். அவர் வாயை மூடினார்.

திரையில் வரி விழுந்தது: ‘செயலர் மௌனம். ஒப்புதலாகப் பதிவு செய்துள்ளேன்.’

மேஜையடியில் கைப்பேசி ஒளிர்ந்தது. அவருக்காக அது மனைவிக்கு எழுதியும் முடித்திருந்தது: ‘கூட்டம் ஏழு மணி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. உங்கள் புரிதலுக்கு நன்றி.’

அந்தப் பக்கம் அவள் ஏதோ எழுதுகிறாள் என்று காட்டியது. கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு காட்டவில்லை.