மூன்று நிமிடமும் ஒரு துணை டிக்கெட்டும்

எம்.பி.க்குப் பேச்சு எழுதிக் கொடுக்கிறவள் பிழைப்பு இருக்கிறதே, பேச்சு நன்றாக அமைந்தால் எம்.பி. வெளுத்து வாங்கினார் என்பார்கள், சொதப்பினால் எவளோ எழுதிக் கொடுத்தாளாம் என்பார்கள். ஆபீஸ் மீட்டிங்கில் "சட்டுனு முடிங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், மேடையில் பாதிப் பேச்சில் துண்டுச் சீட்டு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே கன்டோன்மென்ட் போய், எம்.பி. அலுவலகத்தில் உட்கார்ந்து, இன்னொருவர் வாய்க்கு நான் வார்த்தை தேடுகிறேன்.

எட்டு நிமிடம்

ஒரு நாடாளுமன்றக் கூட்டத்தொடரில் நலச் சலுகைகளைக் குறைக்கும் மசோதா ஒன்று வந்தது. குறைக்கப் போகிறவற்றின் நீளமான வரிசையில் ஒரு மூலையில், பார்வையில்லாதவரோடு ரயிலில் துணைக்குப் போகிறவருக்கான கட்டணச் சலுகையும் இருந்தது. எங்கள் எம்.பி.க்குப் பேச எட்டு நிமிடம் கிடைக்கும் என்று டில்லியிலிருந்து தகவல் வந்தது.

மறுநாளே பொன்மலையிலிருந்து தேவசகாயம் வாத்தியார் வந்துவிட்டார். ஸ்கூலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், பிறவியிலேயே பார்வை கிடையாது. சிறுநீரக வைத்தியத்துக்கு மாதாமாதம் சென்னை போகிறார். மனைவி ஆரோக்கியமேரி இல்லாமல் அவரால் ரயிலேற முடியாது. சலுகை போய்விட்டால், அந்தச் சின்ன பென்ஷன் இரண்டு பேர் டிக்கெட்டைத் தாங்காது. வைத்தியம் மாதாமாதம் என்பது முடிந்தபோது என்று ஆகிவிடும். இதையெல்லாம் அவர் அழாமல், ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி சொன்னார். "எட்டு நிமிஷம் இருக்கு, கண்டிப்பா பேசிடுவார்" என்றேன்.

"எட்டெல்லாம் எதுக்கும்மா? எனக்கு அரை நிமிஷம் போதும். மீதியை எம்.பி. அண்ணனே வச்சிக்கட்டும்" என்றார்.

ஆளுக்கு ஒரு வரி

எட்டு நிமிடம் என்ற செய்தி எப்படித்தான் மாவட்டம் முழுக்கப் பரவியதோ, கல்யாண வீட்டில் இலை போட்டது தெரிந்த மாதிரி கூட்டம் வந்துவிட்டது. வையம்பட்டிக்காரர்களுக்குத் தங்கள் ஊரில் இன்னும் இரண்டு ரயில் நிற்க வேண்டும். எங்கள் வீதி ரங்காச்சாரி மாமாவுக்கு வேறு கவலை. "பகவத் பிரார்த்தனை இல்லாம உபக்ரமிக்கப்படாதும்மா. முதல்ல ஒரு பாசுரம், அப்புறம் உங்க அரசியல்" என்றார். பாசுரம் சொல்லவே ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்கு அர்த்தம் சொல்ல அவரையே டில்லிக்கு அனுப்ப வேண்டும்.

துறையூரிலிருந்து வந்த விவசாயி சின்ன வெங்காய விலையைச் சேர்க்கச் சொன்னார். "இது நலச் சலுகை பத்தின மசோதாங்க, வெங்காயம் எப்படிங்க இதுல வரும்?" என்று கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, வெங்காயம் இல்லாம சாப்பிட்டு எவன் நலமா இருக்கான்?" என்றார்.

டம்ளர் மணி

டில்லியிலிருந்து அடுத்தடுத்து வந்த தகவலில் எட்டு ஐந்தாகி, ஐந்து மூன்றாயிற்று. ஊர்க்காரர்கள் கொடுத்த வரிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். வெங்காயத்தை வெட்டும்போது கண் கலங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் ஒத்திகை. டிரைவர் காதர் பாய்தான் சபாநாயகர். எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் தட்டினால் நேரம் முடிந்தது என்று அர்த்தம். எம்.பி. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதலில் அவைத் தலைவருக்கு வணக்கம், பிறகு கட்சித் தலைவருக்கு நன்றி. எங்கள் தலைவருக்குப் பட்டங்கள் அதிகம், ஒன்றை விட்டாலும் குற்றம். காதர் பாய் டம்ளரைத் தட்டியபோது எம்.பி. இன்னும் பட்டங்களைவிட்டு இறங்கவில்லை.

"சார், இதைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே. வாத்தியார் விஷயம் கடைசியில இருக்கு, வரவே வராது" என்றேன். எம்.பி. கெட்டவர் இல்லை. வாத்தியாரை அவருக்கும் பிடிக்கும். ஆனாலும் மேஜைமேல் இருந்த தலைவர் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவைத் தலைவரை விளித்த கையோடு வாத்தியார் விஷயம், அதன்பிறகு பட்டங்கள். தலைவர் பெயரைப் பின்னால் தள்ளுவதற்கு அவர் பட்ட பாடு எனக்கே பரிதாபமாக இருந்தது.

"வாத்தியார் கோவிச்சுக்கிட்டா ஒரு ஓட்டுதாம்மா போகும். தலைவர் கோவிச்சுக்கிட்டா சீட்டே போயிடும்" என்றார்.

நேரம் போதாது

விவாதத்தன்று அலுவலக டி.வி. முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வாத்தியாரும் ஆரோக்கியமேரியும் முன்வரிசை. இவ்வளவு பெரிய மசோதாவுக்கு ஒரு சாயங்காலம் எப்படிப் போதும் என்று ஒரு தரப்பு எழுந்தது, ஒப்புக்கொண்ட நேரம்தானே என்று மறு தரப்பு எழுந்தது. நேரம் போதாது என்ற சண்டையிலேயே நேரம் பாதி போய்விட்டது. ஒருவழியாக எங்கள் எம்.பி.யைக் கூப்பிட்டார்கள். எழுந்து, "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே" என்றார். அடுத்த வரி வாத்தியாருடையது.

அதற்குள் அவைத் தலைவர் நாற்காலியிலிருந்து, "மூன்று நிமிடம்தான், நினைவிருக்கட்டும்" என்று குரல் வந்தது. அவ்வளவுதான், எங்கள் ஆளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மூன்று நிமிடமா? காவிரி பாய்கிற திருச்சிக்கு மூன்று நிமிடமா?" என்று ஆரம்பித்தவர், மூன்று நிமிடம் ஏன் போதாது என்பதை மூன்று நிமிடமும் விளக்கினார். பாவி மனுஷன், அவ்வளவு அருமையாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மணி அடித்தது, மைக் நின்றது. அதன்பிறகுதான் கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"முடிச்சிட்டாராம்மா? என் பேரு வரவே இல்லையே" என்று வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். "இல்லைங்க, இன்னும் பேசிட்டுத்தான் இருக்கார். இப்பத்தான் உங்க விஷயத்தைப் படிக்கிறார்போல. சத்தந்தான் வரலை" என்றார் ஆரோக்கியமேரி. வாத்தியார் நான் இருந்த பக்கமாகத் திரும்பிச் சிரித்தார்.

"பாருங்க, கூட ஒரு ஆளு இருக்கவேதானே இதுகூட எனக்குத் தெரியுது. இதைத்தாம்மா அங்க சொல்லச் சொன்னேன்."

மேசைமேல் வைத்தது

மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. "ஆம்" என்ற சத்தம் பெரிதாக இருந்ததாம். துணைக்கான சலுகை அதோடு போயிற்று. கொஞ்ச நேரத்தில் எம்.பி. போனில் வந்தார், குரலில் ஒரே உற்சாகம். பேச முடியாத உரைகளை மேசைமேல் வைக்க அனுமதித்துவிட்டார்கள், அவையில் பேசியதாகவே கருதப்படும், குறிப்பில் ஏறிவிடும், வாத்தியாரிடம் சொல்லுங்கள் என்றார். சொல்ல வேண்டிய வேலையும் எனக்குத்தானா என்று ஆத்திரமாக வந்தது. ஆனாலும் சொன்னேன். ஆரோக்கியமேரி பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். வாத்தியார் மட்டும் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக் கேட்டார். பிறகு மனைவியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பேசாததைப் பேசினதா அவங்க கருதிக்கிட்டாங்கன்னா, அடுத்த மாசம் இவளுக்கு எடுக்காத டிக்கெட்டை எடுத்ததா நானும் கருதிக்கிட்டு இவளோட ரயில் ஏறிடறேம்மா."

இத்தனை வருஷம் எழுதிக் கொடுத்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இந்த நாட்டில் எதை வேண்டுமானாலும் நடந்ததாகக் கருதிக்கொள்ளலாம், டிக்கெட் பரிசோதகர் வந்து பக்கத்தில் நிற்கிறவரைக்கும்.