மூன்று கரை, ஒரு கையெழுத்து

பட்டாள அரசு பல்கலைக்கழகத்தை மூடி இரண்டாம் ஆண்டு. பௌதிகம் படித்த நாங்கள் மூவரும் ஆளுக்கொரு கரையில் சும்மா கிடந்தோம். ரங்கூன் பசுந்தாங்கில் நான், த்வாண்டேயில் என் தோழி, ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையான டாலாவில் எங்களுக்கு ஒரு வகுப்பு மூத்த அண்ணன். அப்போது பழைய புத்தகக் கடையில் ஒரு நூல் அகப்பட்டது. முன்னூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய விஞ்ஞானிகள் முகம் பாராமலே கடிதம் எழுதி விஞ்ஞானம் வளர்த்த கதை. நாமும் செய்தால் என்ன என்று கிளப்பிவிட்டது நான்தான்.

கடல் நீர் ஆற்றுக்குள் ஏறிவரும் நேரத்தை மூன்று இடத்திலும் குறித்தோம். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள். எங்கள் சீட்டுகளை அண்ணனே வந்து வாங்கிப்போய் ஒரே தாளில் அட்டவணையாக எழுதுவார். அந்தத் தாள் படகேறி மூன்று கரையும் சுற்றும்.

கண்டவர்கள் கையெழுத்திட்டால்தான் கண்டது செல்லும் என்பது அந்த விஞ்ஞானிகளின் வழக்கம். அதை நான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டேன்.

"பேரு எதுக்கு தங்கச்சி? காலம் சரியில்ல," என்றார் அண்ணன்.

"கையெழுத்து இல்லாட்டி அது வெறும் கதைண்ணே," என்றேன். வாய்க்கொழுப்பு. தாளின் அடியில் மூன்று பெயர்களும் ஏறின.

ஒரு காலை டாலா படகுத்துறையில் சோதனை. இக்கரையில் நான் காத்திருக்க, படகு வந்தது, அண்ணன் வரவில்லை. தாளோடு அவரைப் பட்டாளத்தார் பிடித்துப்போனதாகப் படகில் வந்தவள் சொன்னாள். ஆறு, ஊர், மணி, நிமிடம் என்றிருந்த தாளைப் பார்த்து யார் நீர்மட்டம் என்று நம்புவார்கள்? அடியில் என் பெயர் வேறு. அவருக்காகப் பயந்தேன் என்று சொல்ல ஆசைதான். முதலில் பயந்தது எனக்காக. ஒன்பது நாள் மாடிப்படியில் பூட்ஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடந்தேன். யாரும் வரவில்லை.

பத்தாம் நாள் அண்ணன் வந்தார், உதடு வீங்கியிருந்தது. சோதனை வரிசையில் நின்றபோதே எங்கள் இருவர் பெயரையும் கிழித்து வெற்றிலையோடு மென்றுவிட்டாராம். தன் பெயரை விட்டுவைத்தார். யார் பெயரும் இல்லையென்றால் எல்லோரையும் தேடுவார்களாம். ஆனாலும் பட்டாளத்தார் விடவில்லை. ஒரே நேரத்தில் மூன்று ஊரில் நீ எப்படி நின்றாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு ஊரு கணக்கும் நானே இட்டுக்கட்டினதுன்னேன். அத எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்."

மழையில் நின்று பார்த்து, ஒரு நிமிடம் பிசகினாலும் அடித்துத் திருத்துகிற மனிதர் அவர். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீர் ஏறிய நேரம் குறித்த என் நோட்டை அன்றே அடுப்பில் வைத்தேன். எங்கள் ஆறு மாத வேலைக்கு மிஞ்சிய ஒரே கையெழுத்து, அது பொய் என்று அவர் போட்டதுதான்.